மடு மாதாவிடம் ஒரு பூசை

மன்னார்ப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கிற மடு மாதா கோயிலுக்குப் போவதென்றால் எங்கள் பக்கத்தில் ஆடி (ஜூலை) 2 அல்லது ஆவணி (ஆகஸ்ட்) 15 திருவிழாவுக்கு என்றுதான் நினைப்பார்கள். காட்டுக்குள் கூடாரம் அடித்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, தமிழ்ச் சனமும் சிங்களச் சனமும் நிறைந்து நிற்கிற நாட்கள் அவை. எனக்கென்னவோ திருவிழா இல்லாத நாள்தான் பிடிக்கும். மாதாவோடு பேச இடிபட வேண்டியதில்லை.

அம்மாவுக்குப் பேச ஒரு விஷயம் இருந்தது. அண்ணா போர் முடிந்த 2009இல் காணாமல் போனவர். அவர் பெயரில் ஒரு பூசை (திருப்பலி) கொடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. எப்படிக் கொடுப்பது என்பதுதான் வீட்டில் முடியாத கதை. இறந்தவர்களை நினைக்கிற கார்த்திகை (நவம்பர்) 2ஆம் திகதி ஊரே மெழுகுதிரியோடு சேமக்காலைக்கு, கல்லறைகளுக்குப் போகும். அம்மா மட்டும் போகமாட்டார். போனால் பிள்ளை இல்லை என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயம்.

கிளிநொச்சியிலிருந்து வவுனியா வந்து மன்னார் பஸ் ஏறினோம். செட்டிகுளம் வந்ததும் அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். போர் முடிந்தபோது இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் அங்கேதான் இருந்தது. அதில் இருந்த காலத்தை அவர் யாரோடும் பேசுவதில்லை. அப்புறம் மடுச்சந்தியில் இறங்கி, காட்டுவழியே ஆட்டோவில் கோயிலுக்கு.

வன்னிச் சனத்துக்கு மடு மாதா மேல் தனி உரிமை உண்டு. அவவும் இடம்பெயர்ந்தவதானே. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தை, அந்தச் சிலையைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்கு வந்தன. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்க, குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில்தான் திரும்பி வந்தது. கோயிலை நம்பி ஓடிவந்தவர்களுக்கும் இங்கே எல்லாம் நல்லபடி முடியவில்லை. 1999 நவம்பரில் கோயில் வளவுக்குள் எறிகணை விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 40 பேர் வரை இறந்தார்கள். "மாதாவிடம் போனால் ஒரு ஆபத்தும் வராது" என்று சொல்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாதது அதனால்தான். "எல்லாம் கடவுள் சித்தம்" என்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டால் இன்னும் கோபம் வரும்.

அன்று சனிக்கிழமை. செபமாலையில் இயேசுவின் பிறப்பையும் பிள்ளைப் பருவத்தையும் நினைக்கிற சந்தோஷ தேவ இரகசியங்கள் சொல்கிற நாள். ஐந்தாவது இரகசியம், காணாமல் போன இயேசுவைக் கோயிலில் கண்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தாயும் தகப்பனும் உறவுக்காரர் நடுவே தேடி, திரும்ப எருசலேம் வரை போய், மூன்றாம் நாள் கண்டுபிடித்ததை லூக்கா எழுதியிருக்கிறார். மாதாவின் ஏழு துயரங்களிலும் இதே சம்பவம் இருக்கிறது.

அந்த இடத்தில் அம்மா செபமாலையை நிறுத்திவிட்டார். சொரூபத்தை நேரே பார்த்து, "உனக்கு மூண்டு நாள். எனக்கு எத்தினை வருஷம், சொல்லு பாப்பம்" என்றார். முன்வாங்கிலிருந்த சிங்கள அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சங்கடமாக இருந்தாலும் தடுக்க மனம் வரவில்லை. இத்தனை காலமும் ஆணைக்குழு, விசாரணை என்று போன இடமெல்லாம் அம்மா அடக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தவர். ஒரு இடத்திலாவது அவர் கேள்வி கேட்கட்டும்.

பிறகு பூசைக்குக் கொடுக்கப் போனோம். கொப்பியை விரித்து வைத்திருந்தவர் பெயரைக் கேட்டார், அம்மா சொன்னார். "செத்தவருக்கோ, உயிரோட இருக்கிறவருக்கோ?" அம்மா என் கையைப் பிடித்தார். எனக்கும் வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற பாதர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "அம்மா, பூசை ரெண்டு பேருக்கும் ஒப்புக்கொடுக்கலாம். பெயரை மட்டும் எழுதுவம். எங்க இருக்கிறார் எண்டு ஆண்டவருக்குத் தெரியும்தானே" என்றார். பெயர் மட்டும் எழுதப்பட்டது. அம்மா காசைக் கொடுத்து, துண்டை வாங்கி, மடித்து பர்சுக்குள் வைத்தார். வெளியே வந்ததும் பசிக்கிறது என்றார். அம்மா வாயிலிருந்து அது வருவது அபூர்வம்.

அடுத்த வீட்டு மாமியின் மகனும் அந்த வருஷத்தில் காணாமல் போனவர்தான். வீட்டுக்கு வந்த அன்றிரவே அம்மா மதிலடியில் நின்று அவவிடம் எல்லாம் சொல்லிவிட்டார். ஆவணித் திருவிழாவுக்கு வான் பிடிக்க எவ்வளவு ஆகும் என்று இப்போது இருவரும் கணக்குப் பார்க்கிறார்கள். கூட்டத்துக்குள் போகிறவள் நான் இல்லை. இருந்தாலும் லீவு கேட்டிருக்கிறேன்.