‘இது எப்படித் தெரியும் டீச்சர்?’

வரலாற்று வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு பிள்ளை கையைத் தூக்கி, “அதெல்லாம் சரி, இது எப்படித் தெரியும் டீச்சர்?” என்று கேட்டுவிட்டால், அன்றைக்கு நடத்த நினைத்திருந்ததை ஓரமாக வைத்துவிடுவேன். மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு அரசன் என்ன செய்தான் என்பதைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. அந்த இரண்டு வரி எங்கிருந்து வந்தது? யார் எழுதி வைத்தார்கள்? அதை நாம் ஏன் நம்ப வேண்டும்? இப்படிக் கேட்கத் தொடங்கிய பிள்ளைக்கு அதன்பிறகு இந்தப் பாடம் சலித்து நான் பார்த்ததில்லை.

அதனால் என் வகுப்பில் முடிவு கடைசியில்தான் வரும். முதலில் சான்று. கல்வெட்டின் படமோ, கடிதத்தின் மொழிபெயர்ப்போ, உடைந்த களிமண் தட்டின் புகைப்படமோ, ஏதோ ஒன்று பிள்ளைகளின் கைக்குப் போய்விட வேண்டும். நான் பேசுவது அதற்கு அப்புறம்.

காதேஷ் போரை எப்படி எடுக்கிறேன் என்று சொல்கிறேன். கி.மு. 1274 வாக்கில் எகிப்தின் இரண்டாம் ராம்செஸும் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் மக்களின் அரசன் முவத்தல்லியும் இன்றைய சிரியாவில் இருக்கும் காதேஷ் அருகே மோதினார்கள். முதல் வகுப்பில் எகிப்துக் கோயில் சுவர்களை மட்டும் காட்டுவேன். அபு சிம்பெல், லக்சர், ராமெசியம் என்று பல இடங்களில் இந்தப் போரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தேரின் மேல் ராம்செஸ் மலைபோல் நிற்கிறான், எதிரிகள் எறும்புக் கூட்டமாய்க் கீழே சரிந்து கிடக்கிறார்கள். கூடவே ஒரு நீண்ட பாடலும் இருக்கிறது. சொந்தப் படையே கைவிட்டு ஓடியபிறகு அமுன் தெய்வத்தை வேண்டிக்கொண்டு, தன்னந்தனியாக 2500 தேர்களை எதிர்த்து நின்றதாக அதில் அரசனே பேசுகிறான். யார் ஜெயித்தது என்று கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே குரலில் “ராம்செஸ்!” என்று கத்தும். சரி என்று எழுதிப் போட்டுக்கொள்வேன்.

அடுத்த வகுப்பில் அதே சுவரின் இன்னொரு மூலையைப் பெரிதாக்கிக் காட்டுவேன். இரண்டு பேரைப் பிடித்து வைத்துக் கம்பால் அடிக்கிறார்கள். அவர்கள் ஹிட்டைட் ஒற்றர்கள். எதிரிப்படை வெகுதூரம் வடக்கே இருக்கிறது என்று முன்பு வேறு இருவர் சொன்ன பொய்யை நம்பி ராம்செஸ் முகாம் போட்டுவிட்டான். காதேஷுக்குப் பின்னாலேயே படை காத்திருக்கிறது என்ற உண்மை இந்த இருவரை அடித்தபோதுதான் வெளியே வந்தது. வெற்றியைக் கொண்டாட எழுப்பிய சுவரிலேயே அரசன் ஏமாந்த கதையும் இருக்கிறது! இதை ஏன் செதுக்கினார்கள் என்று பிள்ளைகளை யோசிக்க விடுவேன். கல்வெட்டிலேயே துப்பு உண்டு. சரியான தகவல் தராத அதிகாரிகளை ராம்செஸ் கடிந்துகொள்கிறான். அப்படியென்றால் பழி யார் மேல் போகிறது? இந்த இடத்தைத் தொட்டதும் முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் சண்டையே வரும். எனக்கு அது ஆனந்தம்.

அப்புறம் ஹிட்டைட் பக்கத்துச் செய்திகளைக் கொடுப்பேன். போர் முடிந்தபிறகும் காதேஷ் அவர்கள் கையில்தான் இருந்தது. ராம்செஸ் நாடு திரும்பினான், ஹிட்டைட் படை தெற்கே தமாஸ்கஸ் வட்டாரம் வரை வந்தது. சுமார் பதினைந்து வருடம் கழித்து, கி.மு. 1259 வாக்கில், ராம்செஸும் அப்போதைய ஹிட்டைட் அரசன் மூன்றாம் ஹட்டுசிலியும் ஒரு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன் எகிப்துப் பிரதி கர்னாக் கோயில் சுவரில் இருக்கிறது. இன்னொரு பிரதி இன்றைய துருக்கியில், ஹிட்டைட் தலைநகரமான ஹட்டுசாவில் களிமண் தட்டுகளில் கிடைத்தது. ஒருவரை ஒருவர் தாக்கக் கூடாது, வெளியார் தாக்கினால் உதவிக்கு வர வேண்டும், தப்பி ஓடி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று இரண்டு பிரதிகளும் சொல்கின்றன. ஆனால் எகிப்துப் பிரதியின் முன்னுரையைப் படித்தால் ஹிட்டைட் அரசன்தான் சமாதானம் கேட்டுத் தூதர்களை அனுப்பினான் என்று இருக்கும். ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து, “ஜெயிச்சவரு ஊரைப் பிடிக்காம ஏன் டீச்சர் திரும்பிப் போனாரு?” என்றாள். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் விளக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. பலகையில் இருந்த “ராம்செஸ்” என்ற விடையை அவளே அழித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இந்தப் பாடத்துக்குப் புத்தகம் ஒதுக்கும் இடம் சொற்பம். நான் மூன்று பீரியடு எடுத்துக்கொள்வேன். போர்ஷன் முடியாது என்று சக ஆசிரியர்கள் கவலைப்படுவார்கள், அந்தக் கவலை நியாயமானதும்கூட. ஆனால் ஒரு சான்றை இரண்டு பக்கமிருந்தும் பார்க்கக் கற்றுக்கொண்ட வகுப்பு அடுத்த பாடங்களை வேகமாகப் பிடித்துக்கொள்கிறது. எந்தப் பத்தியைப் படித்தாலும் யார் எழுதியது, எப்போது, யாருக்காக என்று அவர்களாகவே தேட ஆரம்பிக்கிறார்கள். சாம் வைன்பர்க் என்ற கல்வி ஆய்வாளர் 1991-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையொட்டியது. ஒரே ஆவணங்களை வரலாற்று அறிஞர்களிடமும் நன்றாகப் படிக்கும் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்தார். அறிஞர்கள் எழுதியவர் யார் என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். மாணவர்கள் முதல் வரியிலிருந்து நேராகப் படித்துக்கொண்டு போனார்கள். பயிற்சி கொடுத்தால் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கும் இந்தப் பழக்கம் வந்துவிடும். கண்ணால் பார்க்கிறேன்.

சண்டையிட்ட இரு தரப்பின் கதையையும் ஒரே புத்தகத்தில் படிக்க முடியுமா என்று காதேஷ் பாடம் முடிந்ததும் யாராவது கேட்பார்கள். முடியும். ஒன்றோடொன்று பலமுறை போரிட்ட பிரான்சும் ஜெர்மனியும் 2006-ல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு கூட்டு வரலாற்றுப் பாடநூலைக் கொண்டுவந்தன. உள்ளடக்கம் ஒன்று, மொழி மட்டும் இரண்டு. இதற்கான யோசனை 2003-ல் இரு நாட்டு இளைஞர்கள் கூடிய நாடாளுமன்றத்தில் எழுந்தது. உங்கள் வயதை ஒட்டியவர்கள் கேட்டு வாங்கிய புத்தகம் என்று நான் சொல்லும்போது வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

அரசர்களும் போர்களும் மட்டும் போதாது. கடந்த காலத்தின் மேல் பிரியம் வர வேண்டுமென்றால் அங்கே ஒரு ஆளைச் சந்திக்க வேண்டும். என் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்துப்போகும் ஆள் ஆன்ஃபிம். ரஷ்யாவின் நோவ்கோரோட் நகரத்தில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிறுவன், வயது ஆறு ஏழு இருக்கலாம். அந்த ஊரில் பிர்ச் மரப்பட்டையில் கூரான கோலால் கீறி எழுதுவார்கள். ஈரமும் களியுமான மண்ணில் காற்று புகாததால் பட்டைகள் மக்காமல் இருந்துவிட்டன. 1951-ல் முதல் பட்டை கிடைத்தது, ஆன்ஃபிமுடையவை சில வருடங்களில் வந்தன. ஒரு பட்டையில் எழுத்துகளை வரிசையாக எழுத ஆரம்பிக்கிறான். பாதியில் அலுத்துப்போய், மிச்ச இடத்தில் குதிரை மேல் ஏறி எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனை வரைந்துவிடுகிறான். பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் ‘ஆன்ஃபிம்’. இன்னொன்றில் ஒரு விலங்கை வரைந்து ‘நான் ஒரு காட்டு மிருகம்’ என்று எழுதியிருக்கிறான். நண்பனாக இருக்க வேண்டும், தானிலோ என்பவனுக்கு அதே பட்டையில் ஒரு வாழ்த்து.

இந்தப் படங்களைச் சுற்றுக்கு விடும்போது வகுப்பில் எழும் சத்தம் வேறு எந்தப் பாடத்துக்கும் எழாது. விரல்களை எண்ணுவார்கள், அவன் வரைந்த மனிதர்களுக்குக் கைக்குக் கை விரல் எண்ணிக்கை மாறும். தங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, “நானும் இப்படித்தான்!” என்பார்கள். எழுநூறு வருடத்துக்கு மேலான தூரம் ஒரு நிமிடத்தில் கரைந்துபோகும். அந்த நிமிடத்துக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று எனக்குத் தோன்றும். பிறகு மெதுவாகக் கேட்பேன்: ஆன்ஃபிமின் அக்காவோ தங்கையோ இருந்திருந்தால் அவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

ஒன்றும் தெரியாது. இதைப் புரியவைக்க வகுப்பறைக் குப்பைக்கூடையைத் தாளின் மேல் கொட்டச் சொல்வேன். இதை மட்டும் வைத்து இந்த வகுப்பைப் பற்றி எழுதுங்கள் என்பேன். பென்சில் சீவல், கிழித்த பக்கம், மிட்டாய்க் காகிதம். என்ன தின்றார்கள், என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் கிடைத்துவிடும். யாரோடு யார் பேசவில்லை, யார் பாடினார்கள், யார் அழுதார்கள் என்பது கிடைக்காது. நூறு வருடம் கழித்து இதில் எது மிஞ்சும் என்று அடுத்துக் கேட்டால் காகிதம் முழுக்கப் போய்விடும், பிளாஸ்டிக் மட்டும் நிற்கும். பிளாஸ்டிக் பேனா வைத்திருந்தவர்கள்தான் அப்போது வரலாற்றில் இருப்பார்கள் என்று ஒரு பையன் சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அதனால்தான் எளிய மனிதர்களின் குரல் எங்காவது தப்பிப் பிழைத்திருந்தால் விடாமல் வகுப்புக்குக் கொண்டுவருகிறேன். எகிப்தில் அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள், மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 வாக்கில், கூலித் தானியம் வராததால் வேலையை நிறுத்திவிட்டு ஒரு கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். பசியாலும் தாகத்தாலும் இங்கே வந்தோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசனுக்கு எழுதுங்கள் என்று அவர்கள் சொன்னது பப்பைரஸ் என்ற நாணல் தாள் சுருள் ஒன்றில் பதிவாகி, இன்று இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் அறிந்த மிகப் பழைய வேலைநிறுத்தப் பதிவு அதுதான். பிரமிப்பூட்டும் கல்லறைகளைப் படத்தில் பார்க்கும் பிள்ளை இந்தச் சுருளையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரி.

எழுதாமல் விட்டதும் சான்றுதான். அசோகரின் 13-ஆம் பாறைக் கட்டளையில் கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும் ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டதாகவும் அவரே சொல்லி வருந்துகிறார். புத்தகத்தில் இருக்கிறது, எல்லோரும் படித்திருப்போம். ஆனால் கலிங்கத்திலேயே இருக்கும் தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தக் கட்டளை இல்லை. அங்கே வேறு தனிக் கட்டளைகள் இருக்கின்றன. எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று சொல்வது அவற்றில் ஒன்று. தோற்ற மக்களிடம் மட்டும் அந்த வருத்தத்தை ஏன் சொல்லவில்லை? புண்ணைக் கிளற வேண்டாம் என்று நினைத்தாரா, மறுபடி எழுவார்கள் என்ற பயமா, அவர்களுக்குத் தெரியாததா என்ன என்று விட்டுவிட்டாரா? பாறையில் விடை இல்லை. நானும் விடை சொல்வதில்லை, அவர்கள் எழுதும் காரணத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுகிறேன்.

வருடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வருடம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. 1816-ல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வராமல் பயிர் கருகியது. இந்த இரண்டு வருடங்களும் தெரிந்தால்தான் ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன உறவு என்ற கேள்வியே பிறக்கும். எந்த வருடம் எதற்குத் தேவை என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்டால் பிள்ளைகள் சிரமமில்லாமல் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். காலத்தின் நீளத்தை உணர்த்த வராந்தாவில் ஒரு தரைக்கல்லுக்கு நூறு வருடம் என்று நடக்க வைப்பேன். எழுத்து தோன்றிய காலம் ஐம்பத்திரண்டு கல் தாண்டினால் வந்துவிடும். நம் இன மனிதர்களின் மிகப் பழைய எலும்புகளுக்கு வயது சுமார் 3 லட்சம் வருடம், அதற்கு மூவாயிரம் கல் வேண்டும். வராந்தா தீர்ந்து, வாசல் தாண்டி, எங்கேயோ போக வேண்டியிருக்கும். மனித குலத்தின் பெரும்பகுதி எழுத்தில்லாமல் வாழ்ந்தது என்று அப்போது சொன்னால் கால்களுக்கே புரியும்.

அடுத்த வாரம் எட்டாம் வகுப்புக்குச் சுமேரியப் பள்ளிக்கூடம். இன்றைய ஈராக்கில் இருக்கும் பழைய சுமேரிய நகரமான நிப்பூரில் கிடைத்த உருண்டையான பயிற்சித் தட்டுகளின் படங்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஆசிரியர் அழகாக எழுதிக் கொடுத்ததைப் பார்த்து மாணவன் தடுமாறி எழுதியிருக்கிறான். எது யாருடைய கை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆளுக்கொரு களிமண் உருண்டையும் ஒரு குச்சியும் கொடுத்து முதலில் அவர்களையே எழுதிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.