விழுந்த கற்களின் நடுவே

எருசலேமில் மூன்றாம் நாள், பழைய ஆலய வளாகத்தின் மேற்குச் சுவருடைய தென்கோடியில் உள்ள அகழாய்வுப் பகுதிக்கு இறங்கினோம். கி.பி. 70-ல் ரோமப் படை மேலிருந்து தள்ளிய இரண்டாம் ஆலயத்தின் மதில் கற்கள் இன்றும் அங்கே குவிந்து கிடக்கின்றன. அவை விழுந்த வேகத்தில் அக்கால வீதியின் தளக்கற்கள் நொறுங்கி, உள்வாங்கிப் போயிருக்கின்றன. ஒரு கல்லைத் தொட்டேன், வெயிலில் சுட்டது. ஓரத்தைச் சுற்றி உளியால் இழைத்த பட்டை விரலுக்கு இன்னும் தட்டுப்பட்டது. ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்று ஆண்டவர் சொன்னதை ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அன்று பேச்சு வரவில்லை.

எங்களோடு வந்த வயதான அம்மா ஒருவர் போதகரிடம் கேட்டார்: "ஐயா, மூணாவது ஆலயத்தை எப்போ கட்டுவாங்க? கட்டினாத்தானே ஆண்டவர் வருவார்?"

எனக்கும் அதே கேள்விதான். புதிய ஆலயத்துக்கென்று செய்து, கண்ணாடிக் கூண்டில் வைத்திருக்கும் பொன் குத்துவிளக்கை யூதர் குடியிருப்பில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம். எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட ஆலயம் எழுத்தின்படியே எழும்பும் என்று நம்புகிறவர்கள் உண்டு. பாவமனுஷன் தேவனுடைய ஆலயத்தில் உட்காருவான் என்னும் 2 தெசலோனிக்கேயர் 2:4-ஐயும் காட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

போதகர் வெளிப்படுத்தல் 11-ஐ வாசித்தார். யோவான் கையில் அளவுகோல்; ஆலயத்தையும் பலிபீடத்தையும் மட்டுமல்ல, அதில் தொழுகிறவர்களையும் அளக்கச் சொல்கிறது கட்டளை. மனிதரைக் கோலால் அளப்பதா? அங்கேதான் எனக்கு உறைத்தது. அளக்கப்படுவது கட்டடம் அல்ல, சபை. தேவன் தம்முடையவர்களை எல்லை குறித்துக் காக்கிறார்.

பிறகு 21-ஆம் அதிகாரம். புதிய எருசலேமின் நீளமும் அகலமும் உயரமும் ஒன்றே. சாலொமோன் கட்டிய ஆலயத்தில் அப்படி இருந்த இடம் மகா பரிசுத்த ஸ்தலம்: நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 முழம். பிரதான ஆசாரியன் ஒருவனே, வருஷத்தில் ஒரு நாள் திரையைத் தாண்டி நுழைந்த அறை. அந்த அறையே நகரமாக விரிகிறது. "அதிலே தேவாலயத்தை நான் காணவில்லை" என்று யோவான் எழுதுவது அதனால்தான்.

"அப்போ நாம எல்லாரும் திரைக்கு உள்ளேயே இருப்போமா ஐயா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா."

மாலையில் சுவரின் பெண்கள் பகுதியில் இரண்டு உள்ளங்கைகளையும் கல்லில் பதித்து அவர் ஜெபித்தார். அவர் கைப்பையைப் பிடித்தபடி பின்னால் நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கூப்பிட மனம் வரவில்லை.