உப்பள வெயிலும் ஒரு நீளக் கேன்வாஸும்

சித்திரையில் அக்கா வீட்டுக்குத் தூத்துக்குடி போயிருந்தேன். மத்தியானம் அத்தானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து திருச்செந்தூர் சாலையில் போகும்போது, முத்தையாபுரம் பக்கம் சாலையை ஒட்டி உப்பளம் வந்தது. பலமுறை கடந்துபோன இடம்தான். அன்றைக்குத்தான் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

வரப்பு மேல் ஐந்தாறு பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தலையில் சும்மாடு, அதன் மேல் உப்புச் சட்டி. அவர்கள் கொண்டுவந்து கொட்டுகிற அம்பாரத்தை என்னால் அரை நிமிடம்கூட நேராகப் பார்க்க முடியவில்லை. மேலே இருக்கிற வெயில் போதாதென்று கீழேயிருந்தும் இன்னொரு வெயில் அடித்தது. போனை எடுத்து நாலைந்து போட்டோ எடுத்தேன். சட்டியை இறக்கிவிட்டு வந்த ஒரு அக்கா, “எடுங்க தம்பி. ஆனா முழுக்கண்ணத் தெறந்து பாக்காதீய. எங்களுக்கே கண்ணு போயிரும்” என்றார். அவர் தலைத்துண்டை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார். இன்னொரு துணி மூக்கையும் வாயையும் மூடியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை அகலம்தான் திறந்திருந்தது. நாள் முழுக்க அவர் உலகத்தைப் பார்ப்பது அந்த இடுக்கு வழியாகத்தான்.

திரும்பும் வழியில் பைக்கில் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் அம்பாரங்கள் கறுப்பாகத் தெரிந்தன. கறுப்பு என்றும் சொல்ல முடியாது, அடர்ந்த கத்தரிப்பூ நிறம். பின்னால் தரை முழுக்கச் செங்கல் சிவப்பு. பிரகாசமான எதையாவது உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் நிறங்கள் புரண்டு தெரியும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் போனில் இருந்த படங்களைவிட அந்த மூடிய கண்ணின் படம்தான் உப்பளத்தை எனக்கு அப்படியே திருப்பித் தந்தது. வீட்டுக்குப் போனதும் அக்கா மகனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அவனுடைய மெழுகு வண்ணக்கட்டிகளால் அதை வரைந்து வைத்தேன். உள்ளங்கை அளவுதான். பிறகு வந்த நாலு மாத எண்ணெய் வண்ண ஓவிய வேலைக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். இன்னும் மாடி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

முதல் கேன்வாஸ்

கடையில் தயாராகக் கிடைத்த 24 × 30 அங்குலக் கேன்வாஸில் தொடங்கினேன். வானம் மூன்றில் ஒரு பங்கு, நடுவில் அம்பாரம், முன்னால் பாத்திகள், இடப்பக்கம் பெண்கள். போனில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். வானத்துக்கு வெளிர்நீலம், உப்புக்கு வெள்ளை, தண்ணீருக்கு வெள்ளை கலந்த நீலம் என்று எல்லா நிறத்திலும் வெள்ளை போய்ச் சேர்ந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை முடிந்து தள்ளி நின்று பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. வெயில் இல்லை. வெக்கை இல்லை. மேகமூட்டமான காலை நேரம் மாதிரி சாதுவாக ஒரு படம்.

எங்கே தப்பு என்று யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். உப்பு என் கண்ணைக் கூசவைத்தது, அதன் மேல் பட்ட சூரியன் அப்படியே திரும்பி வந்ததால். டியூபில் இருக்கிற வெள்ளை எவ்வளவு நல்ல வெள்ளையானாலும் அறையில் இருக்கும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும், அதற்கு மேல் ஒரு துளிகூடத் தராது. ஆகவே வெள்ளையைக் கூட்டிக் கூட்டி வெயிலைக் கொண்டுவர முடியாது. மற்ற எல்லாவற்றையும் ஒரு படி, இரண்டு படி கீழே இறக்கினால்தான் கடைசியில் வைக்கிற கொஞ்சம் வெள்ளை அடிக்கும். வெளிர்நீல வானத்துக்கு முன்னால் வெள்ளை அம்பாரம் எடுபடவே எடுபடாது.

அந்த வாரத்தில் இரண்டு ஓவியர்களின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மோனே 1868–69 குளிர்காலத்தில் வரைந்த பனிப்படம் ஒன்று பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலிப்படலில் ஒரு ஒற்றைப் பறவை. பனி முழுக்க வெள்ளை என்றுதான் முதலில் தோன்றும். நின்று பார்த்தால் நீலமும் ஊதாவும் இளமஞ்சளும்தான் பெரும்பகுதி. இன்னொருவர் நிக்கோலா த ஸ்தால். 1953-ல் சிசிலித் தீவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, தன் பட்டறையில் வைத்து அந்த வறண்ட நிலத்தை வரைந்தார். சிவப்பு வானம், ஊதா வானம், கீழே தகடு தகடாக மஞ்சள் நிலம். அங்கே வானம் அந்த நிறத்தில் இருந்திருக்காது. ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்தால் நெற்றியில் சூடு தெரியும். அக்கா மகன் நோட்டுத் தாளில் நான் வரைந்ததை நம்பலாம் என்ற தைரியம் அவரிடமிருந்துதான் வந்தது.

சட்டம் மாறியது

அந்த அக்காவின் கண் இடுக்கு மனதில் இருந்துகொண்டே இருந்தது. ஓவியம் கற்கும்போது முதலில் சொல்லித்தருவதும் அதுதானே: கண்ணை இடுக்கிப் பார், விவரம் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் தெரியும் என்பார்கள். நாம் பழகிப் பழகிக் கற்பதை அவர் பிழைப்புக்காக தினமும் செய்கிறார். அப்படியானால் படமும் அந்த இடுக்கின் வடிவத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது. போட்டோவுக்குச் சட்டம் அடிக்கிற கடையில் 14 × 42 அங்குலத்துக்கு மரச்சட்டம் அடித்து வாங்கினேன். உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம். பருத்திக் கேன்வாஸை இழுத்து அடித்து, வண்ணம் பிடிப்பதற்கான வெள்ளை அடிப்பூச்சான கெசோவை மூன்று கை பூசி, ஒவ்வொரு கைக்கும் நடுவில் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன்.

அதன் மேல் பர்ன்ட் சியன்னாவை டர்பெண்டைனில் கரைத்து முழுக்கத் துடைத்துவிட்டேன். கண்ணை மூடியபோது பார்த்த செங்கல் நிறம் இது. வெள்ளைக் கேன்வாஸில் நேரடியாகத் தொடங்கினால் எந்த நிறம் வைத்தாலும் இருட்டாகத் தெரிந்து கை பயப்படும். செந்தரையில் அந்தப் பயம் இல்லை. தீற்றல்களுக்கு நடுவே விடுபடும் இடங்களில் இந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும், பக்கத்தில் ஊதா வந்தால் துடிக்கும். இரண்டு நாளில் காய்ந்துவிட்டது. மண் நிறங்கள் சீக்கிரம் காயும் குணம் உள்ளவை.

இந்தப் படத்துக்கு எடுத்துக்கொண்டவை: அல்ட்ராமரைன் (நீலம்), அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு), விரிடியன் (பச்சை), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), நேபிள்ஸ் யெல்லோ (வெளிர்மஞ்சள்), காட்மியம் ஆரஞ்சு கொஞ்சம், டைட்டானியம் ஒயிட். கறுப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். அல்ட்ராமரைனும் அலிசரினும் சேர்ந்தால் வருகிற இருட்டு, கறுப்பைவிட ஆழம்.

வெள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டைட்டானியம் வெள்ளை ஓவியர்கள் கைக்குப் பரவலாக வந்தது 1920களில்தான். மோனே காலத்தில் ஈய வெள்ளை, அது விஷம். டைட்டானியத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ‘டைட்டானியம்’ என்று போட்டிருக்கும் சில டியூப்களில் துத்தநாக வெள்ளையும் கலந்திருக்கும். துத்தநாகம் நாள்பட நாள்பட மொறுமொறுப்பாகி வெடிக்கக்கூடியது. கனமாக அப்பப் போகிற படத்துக்கு அது ஆகாது. டியூபின் பின்பக்கம் நிறமிக் குறியீடு பி.டபிள்யூ. 6 (PW6) என்று மட்டும் இருந்தால் சுத்த டைட்டானியம், பி.டபிள்யூ. 4 என்றும் இருந்தால் துத்தநாகமும் உண்டு. வாங்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடுவது நல்லது.

இருட்டிலிருந்து

வைகாசியில் வானத்தைப் போட்டேன். நாலு அங்குல உயரம்தான், ஆனால் ஊதா. டர்பெண்டைன் கலந்து மெலிதாக முதல் பூச்சு, எண்ணெய் துளிகூடச் சேர்க்கவில்லை. எண்ணெய் வண்ணம் தண்ணீர் வண்ணம் போல வற்றிக் காய்வதில்லை. வண்ணத்திலேயே கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. எண்ணெய் அதிகமுள்ள பூச்சு இறுக அதிக நாள் பிடிக்கும். அது அடியில் இருந்து, மேலே எண்ணெய் குறைந்த பூச்சு முந்திக்கொண்டு இறுகிவிட்டால், அடியில் உள்ளது அசையும்போது மேலே விரிசல் விடும். அதனால் அடியில் மெலிது, போகப் போக எண்ணெய், கடைசியில் கனம்.

பாத்திகளுக்குப் பிரஷ் சரிப்படவில்லை. பிரஷ் தடம் புல்வெளி மாதிரி ஒரு மென்மையைக் கொண்டுவந்தது. பாத்தித் தண்ணீர் அப்படி இருக்காது. தகடு போல அசையாமல் கிடக்கும். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் விட்டுப்போன, பட்டி பார்க்கிற நாலு அங்குலத் தகடு ஒன்று மாடியில் கிடந்தது. அதில் வண்ணத்தை எடுத்து இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. முதல் இழுப்பிலேயே பாத்தி வந்துவிட்டது! ஒரு ஓரம் கனமாகவும் மறு ஓரம் தேய்ந்தும் வந்ததில், வற்றிக்கொண்டிருக்கும் உப்புத்தண்ணீரின் விளிம்பு தானாகவே அமைந்தது. உப்பு விளையும் தறுவாயில் சில பாத்திகள் ரோஸ் நிறமாக இருக்கும். உவர்ப்பில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. அலிசரினில் ஓக்கரும் துளி வெள்ளையும் சேர்த்து அப்படி இரண்டு பாத்திகள் இழுத்தேன். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பெண்களிடம்தான் மாட்டிக்கொண்டேன். முதலில் முகம், கை, சேலை மடிப்பு எல்லாம் வைத்து வரைந்தேன். காலண்டர் படம் போல ஆகிவிட்டது. துடைத்தேன். உடம்பை மட்டும் நிழலுருவமாகப் போட்டேன். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நடந்துபோவது போல இருந்தது. அதையும் துடைத்தேன். ஆறு தடவை துடைத்திருப்பேன். அடியில் காய்ந்த பூச்சு இருந்ததால் ஈர வண்ணத்தைத் துணியால் வழித்தெடுக்க முடிந்தது.

பிறகு ஒரு காரியம் செய்தேன். பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தேன். பத்தடிக்குள் புரிந்துவிட்டது. சுமை ஏறியதும் கழுத்தால் எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. இடுப்புக்கு மேல் எல்லாம் ஒரே தூணாகிவிடும். கால் மட்டும் குறுக அடி வைத்து வேகமாகப் போகும். முகத்திலும் சேலையிலும் நான் தேடிக்கொண்டிருந்தது கழுத்தில் இருந்தது. அன்றிரவே, சின்ன பேலட் கத்தியில் ஊதாவை எடுத்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் மேலிருந்து கீழாக ஒரே வெட்டு. நேர்கோடு, கீழே மட்டும் லேசாக இழுத்த தடம். ஐந்து வெட்டுகள். பத்து நிமிட வேலை. பிறகு அவற்றைத் தொடவே இல்லை.

ஆடிக்காற்று

கடைசியில் வெள்ளை. அம்பாரத்தின் வெயில் பக்கத்தை நேபிள்ஸ் யெல்லோவும் வெள்ளையும் கலந்து கட்டினேன். நிழல் பக்கம் ஊதா கலந்த நீலம். சுத்த வெள்ளையை இரண்டு விரல் அகலத்துக்கு ஓரிடத்தில், அம்பாரத்தின் தோளில் மட்டும் வைத்தேன். பட்டித் தகட்டின் முனையால் எடுத்து அப்பி, அப்படியே விட்டுவிட்டேன். தள்ளிப்போய்ப் பார்த்தபோது என்னை அறியாமல் கண்ணை இடுக்கினேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் நாலு மாதம்.

ஆடிக்காற்று அதற்குள் வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினால் டர்பெண்டைன் வாடை தலையைப் பிடிக்கும், திறந்தால் புழுதி. திறந்துதான் வைத்தேன். கனமாக அப்பிய வெள்ளை மேலே தோல் கட்டினாலும் உள்ளே பல வாரம் ஈரமாகவே இருக்கும், மண் துகள் வந்து ஒட்டிக்கொண்டது. பெரியவற்றைச் சாமணத்தால் எடுத்தேன். பொடித்துகள்களை விட்டுவிட்டேன். உப்பிலும் மண் இருக்கத்தான் செய்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதையும் எழுதிவைக்கிறேன்: எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும், சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். நான் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுகிறேன்.

ஆவணி

படம் தொட்டால் ஒட்டாத அளவுக்கு வந்தது. வார்னிஷ் இப்போது கிடையாது, உள்வரை இறுகட்டும், தை மாசி வாக்கில் பார்த்துக்கொள்ளலாம். வானத்தில் சில இடங்கள் எண்ணெய் உறிஞ்சி மங்கிக் கிடக்கின்றன, அதுவும் வார்னிஷில் எழுந்துவிடும்.

போன வாரம் தூத்துக்குடி போனபோது உப்பளத்துக்கும் போனேன். அதே அக்கா இருந்தார். போனில் படத்தைக் காட்டினேன். கையால் வெயிலை மறைத்துக்கொண்டு நேரம் எடுத்துப் பார்த்தார். வரிசையில் மூன்றாவது வெட்டைத் தொட்டு, “இது நாந்தான்” என்றார். அப்புறம் படத்தின் வலது ஓரத்துக்கு விரலை நகர்த்தி, “உடைமரத்தடியில எங்க தண்ணிக்கொடம் இருக்குமே, அத விட்டுட்டீயளே” என்றார்.

வீட்டுக்கு வந்து சித்திரையில் எடுத்த போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருக்கிறது. வலது ஓரத்தில், மரத்து நிழலில், பச்சை பிளாஸ்டிக் குடம். அந்த வெளி முழுக்க அவ்வளவு குளிர்ந்த நிறம் வேறு எங்குமே இல்லை. நேற்று இரவு அந்த இடத்தில் துளி எண்ணெயைத் தேய்த்து, விரிடியனில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்து, கத்தி முனையால் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். இன்னும் காயவில்லை.