நார் மில்லுக்கு எந்த ஃபயர் சிலிண்டர்? நாங்கள் தேர்ந்தெடுத்த வழி

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே நார் மில்கள் வரும். பல மில்களில் மாட்டியிருப்பது ஒரே வகைதான்: 6 கிலோ ஏபிசி பவுடர், அதாவது திடப்பொருள் (ஏ), எண்ணெய் (பி), கேஸ் (சி) என்று மூன்று வகைத் தீக்கும் அடிக்கும் தூள். எங்கள் மில்லுக்குக் கேட்டபோதும் "எல்லாத் தீக்கும் ஆகும், பன்னிரண்டு போட்டுக்கலாம்" என்றுதான் கொட்டேஷன் வந்தது. நாருக்கு அது போதாது.

பவுடர் மேலே எரியும் சுவாலையை நொடியில் அடக்கிவிடும், சூட்டைத் தணிக்காது. நார்க் குவியலிலும், மட்டையிலிருந்து உதிரும் தூளான பித்திலும் தீ உள்ளே போய்க் கனன்று கொண்டிருக்கும். அணைந்துவிட்டது என்று ஆட்கள் திரும்பிய பிறகு, சில சமயம் மணிக்கணக்கு கழித்து, காற்று பட்டு மறுபடி பிடிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் அதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை. நாரில் பிடித்த தீக்கு வேண்டியது குளிர்ச்சி, அதாவது தண்ணீர்.

அதனால் கொட்டேஷனை ஓரம் வைத்துவிட்டு, மில்லை ஒரு சுற்று நடந்து, எந்த இடத்தில் என்ன எரியும் என்று எழுதினோம். மட்டை உடைக்கும் மெஷின், சல்லடை, நார்க் களம், பேல் (அழுத்திக் கட்டிய நார்) அடுக்கு, பித் மேடு எல்லாம் ஏ வகை, திடப்பொருள் தீ. ஜெனரேட்டர் ஷெட்டில் டீசல், பி வகை. கரண்ட் பேனல் போர்டு ரூம் தனி. சமையல் கொட்டகையில் கேஸ் சிலிண்டர், சி வகை. இந்தியத் தரத்தில் கரண்ட் தீக்குத் தனி எழுத்து கிடையாது. கரண்டை ஆஃப் செய்துவிட்டால் அங்கே எரிவது வெறும் இன்சுலேஷனும் தூசியும்தான். ஆஃப் செய்ய முடியாத நேரத்துக்காகத்தான் மின்சாரம் கடத்தாத வகை வேண்டும்.

மெஷின் ஷெட்டுக்கும் பேல் அடுக்குக்கும் 9 லிட்டர் தண்ணீர் வகை போட்டோம். பித் இருக்கும் பக்கம் 9 லிட்டர் ஃபோம். நன்றாகக் காய்ந்த பித் முதலில் தண்ணீரை உள்ளே விடாது, மேலேயே உருட்டிவிடும். ஃபோம் கலவை பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் உள்ளே இறங்கும். டீசல் பக்கமும் ஃபோமே ஆகும். தண்ணீரையும் ஃபோமையும் ஓடும் கரண்ட் மேல் அடிக்கவே கூடாது. அந்த வரியைச் சிலிண்டர் பக்கத்திலேயே தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் எழுதி வைத்தோம்.

பேனல் ரூமுக்கு 4.5 கிலோ சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு), இது மின்சாரம் கடத்தாது. பவுடர் அடித்தாலும் தீ அணையும். ஆனால் அந்தத் தூள் ஈரத்தை இழுத்து காண்டாக்டர் சுவிட்சையும் மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி டிரைவையும் அரித்துவிடும். தீயில் தப்பிய பேனல் பவுடரில் போகும். சிஓ2 அடித்த இடத்தில் தூள் எதுவும் மிஞ்சாது. ஆனால் அதை நார் மேல் திருப்பக் கூடாது. வாயு வேகமாகச் சீறுவதால் எரியும் நார் நாலா பக்கமும் பறக்கும், ஒரு தீ நாலு தீயாகும். வாயு வெளிவரும் புனல் போன்ற ஹாரனை வெறுங்கையால் பிடித்தால் குளிரில் தோல் வெந்துவிடும். சின்ன ரூமில் அடித்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும், மூச்சு முட்டும். ஏபிசி பவுடரைச் சமையல் கொட்டகைக்கும் லாரி நிற்கும் இடத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம்.

எண்ணிக்கையைக் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் டேப் பிடித்து அளந்தோம். எந்த இடத்தில் நின்றாலும் 15 மீட்டர் நடைக்குள் ஒன்று கிடைக்க வேண்டும். நேர்க்கோட்டில் அளக்கக் கூடாது. பேல் அடுக்கைச் சுற்றி நடக்கும் தூரம்தான் கணக்கு. அடுக்கு இடம் மாறினால் கணக்கும் மாறும். மாட்டும் இடம் வாசலோரம் இருக்கட்டும். தீயைத் தாண்டிப் போய் எடுக்கும்படி வைத்தால் பயனில்லை. 9 லிட்டர் சிலிண்டர் நிரம்பிய நிலையில் பதினான்கு கிலோ அளவு கனக்கும். ஷெட்டில் வேலை செய்யும் அக்காக்களைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உயரத்தை முடிவு செய்தோம். கைப்பிடி இடுப்பளவில் வந்தது.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முத்திரையோடு வரும் சிஎம்/எல் என்ற லைசென்ஸ் எண்ணை, முத்திரை தரும் பிஐஎஸ் அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் லைசென்ஸ் யாருடையது, நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். சிலிண்டர் உடம்பில் அடித்திருக்கும் தயாரிப்பு ஆண்டையும் படியுங்கள். பழைய உடம்புக்குப் பெயிண்ட் அடித்துப் புது லேபிள் ஒட்டியும் விற்கிறார்கள்.

பராமரிப்பில் நார் மில்லுக்கென்றே இரண்டு தொல்லைகள். ஒன்று, தூசி நாசிலை அடைக்கும். மேலே பாலித்தீன் உறை போடலாம், கட்டக் கூடாது. ஒரே இழுப்பில் வர வேண்டும். இன்னொன்று அதிர்வு. மெஷினை ஒட்டிய தூணில் மாட்டிய பவுடர் சிலிண்டரில் தூள் அடியில் இறுகிவிடும். பிரஷர் காட்டும் முள் பச்சையில்தான் நிற்கும், அழுத்தினால் காற்று மட்டும் வரும். மாதம் ஒருமுறை கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குங்கள். சிஓ2வில் முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் தெரியும். வாயு 10 சதவீதம் குறைந்தால் ரீஃபில் செய்ய வேண்டும். பவுடர் வகையை ஒரு நொடி அழுத்தியிருந்தாலும் ரீஃபில்தான். வால்வில் சிக்கிய தூள் வழியே பிரஷர் மெல்ல இறங்கிவிடும்.

ரீஃபிலுக்குப் போகும் சிலிண்டர்களை நிரப்புவதற்கு முன், களத்தில் ஒரு கூடை நாரைக் கொளுத்தி எல்லோரையும் அடிக்கச் சொல்கிறோம். 6 கிலோ பவுடர் பத்துப் பதினைந்து நொடியில் தீர்ந்துவிடும் என்பது கையில் பிடித்த பிறகுதான் உறைக்கிறது. அணைத்த பிறகு குவியலைக் கொத்திக் கிளறித் தண்ணீர் ஊற்றும் வரை யாரும் நகரக் கூடாது என்பதும் அந்தப் பயிற்சியில் சேர்த்தி.

எல்லையில் இருப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: செல்போன் பக்கத்து மாநில டவரைப் பிடித்திருந்தால் 101க்கு அடிக்கும் அழைப்பு அந்த மாநிலத்துக்கே போகலாம். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணை எஸ்டிடி கோடோடு பேனல் ரூம் கதவில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறோம்.