தண்ணீர் பார்த்தாயா?

எங்கள் ரங்கூன் பள்ளியின் மலருக்கு ஆசிரியர்களைப் பற்றி எழுதுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பிசிக்ஸ் சாரின் முகம் அல்ல, அவருடைய காரின் முகம். பச்சை மோரிஸ் மைனர். விளக்குகள் இரண்டும் கிரில்லுக்குப் பக்கத்தில் தாழ்வாக, தவளைக் கண் மாதிரி இருக்கும். 1963-இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்த யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். பாதிப் பேராவது ஒரு முறை தள்ளியிருப்பார்கள்.

அது மைனரின் முதல் வகை. 918 சிசி இன்ஜின். இன்ஜினை ஆறவைக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு அதில் கிடையாது. கார் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் இப்போதும் ஒரு நிமிடம் முழிப்பார்கள். பம்பு இல்லாமல் தண்ணீர் எப்படிச் சுற்றும்? அந்தக் கேள்விக்காகவே சார் காரை வைத்திருந்தாரோ என்று எனக்குச் சந்தேகம். சூடான தண்ணீர் லேசாகி மேலே போகும், மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குள் வரும், அங்கே ஆறிக் கனத்துக் கீழே இறங்கும், கீழ் ஹோஸ் வழியாகத் திரும்ப இன்ஜினுக்குப் போகும். வெப்பச்சலனம் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியது யாருக்கும் ஏறவில்லை. பானட்டைத் திறந்து இரண்டு ஹோஸையும் தொடச் சொன்ன அன்று எல்லோருக்கும் ஏறியது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர் மட்டம் ரேடியேட்டரில் மேல் ஹோஸ் நுழையும் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்று அறுந்துவிடும். கொஞ்சம் குறைந்தால் கொஞ்சம் சூடு என்ற கணக்கே இல்லை, சுற்றுவதே நின்றுபோகும். வெப்பம் காட்டும் முள்ளும் அந்தக் காரில் கிடையாது. ஆகையால் காலையில் கார் கிளம்புமுன், இன்ஜின் ஆறியிருக்கும்போதே, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாக வேண்டும். அந்த வேலைக்கு முறை வைத்துப் பையன்களைப் போட்டிருந்தார். "தண்ணீர் பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்.

ஊற்றுவது மழைத் தண்ணீர்தான். ரங்கூனில் மழைக்கா பஞ்சம்! மே மாதம் தொடங்கினால் அக்டோபர் வரை ஊற்றும். சார் வீட்டுத் தாழ்வாரத்தில் அதற்கென்றே ஒரு பீப்பாய் நிற்கும். குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் வெந்நீர்க் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும் என்பார். அந்தக் காலத்து டிரைவர்கள் ஒழுகல் அடைக்க ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் கொட்டுவார்கள். வேலை செய்யத்தான் செய்யும். ஆனால் ஓட்டையை அடைக்கிற மஞ்சள் குழாயையும் அடைக்கும். "குழம்பு வைக்கிறதுக்கு இல்லை இது" என்று சார் ஒரு டிரைவரிடம் சண்டை போட்டதை நானே பார்த்தேன்.

சரி, பெகு ஊருக்குப் போன விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் சித்திரை முதல் நாள், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் பர்மியத் தண்ணீர்த் திருவிழா நடந்துகொண்டிருந்தது. பெகுவில் இருந்த தம் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு சார் எங்கள் நான்கு பேரைக் கூட்டிப் போனார். வழியெல்லாம் பந்தல், பீப்பாய், வாளி. கண்ணாடியை ஏற்றிவிட்டு வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தோம். தௌச்சான் தாண்டி, பிரிட்டிஷ் யுத்தக் கல்லறையும் கடந்து கொஞ்ச தூரம் போனதும் பானட்டு இடுக்கில் ஆவி. சார் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார்.

அவ்வளவுதான், பக்கத்துப் பந்தலிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வாளியோடு ஓடிவந்துவிட்டார்கள். கார் கொதிக்கிறது, நம்மிடமோ தண்ணீர் இருக்கிறது, ஊற்றுவோம் என்ற நல்லெண்ணம்தான். சார் கையை விரித்துக்கொண்டு பானட்டுக்கு முன்னால் நின்று பர்மிய மொழியில் கத்தினார். அவரை நனைத்துவிட்டார்கள், இன்ஜினை நனைக்க அவர் விடவில்லை. கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விட்டுவிடும்.

அப்புறம் பானட்டை மட்டும் தூக்கி வைத்துவிட்டு, சொட்டச் சொட்ட நின்றபடியே பாடம் எடுத்தார். ரேடியேட்டரின் மேலே கையைக் கிட்டக் கொண்டுபோகக்கூட முடியவில்லை. அடிப்பக்கத்தைத் தொடச் சொன்னார். ஏறக்குறையச் சில்லென்று இருந்தது. "சுற்று நின்றுபோனதற்கு இதுதான் சாட்சி" என்றார். சுற்றிலும் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர், நாங்கள் முக்கால் மணி நேரம் ஒரு சொட்டு ஊற்றாமல் காத்திருந்தோம். மேல்பக்கத்தில் கை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்த பிறகு, சாக்கை நாலாக மடித்து மூடிமேல் போட்டு, அரை அரையாகத் திருப்பினார். ஆவி சீறி ஓய்ந்தது. ஒரு டம்ளர் ஊற்றுவார், குமிழி வந்து அடங்கும்வரை நிற்பார், மறுபடி ஒரு டம்ளர். பந்தல்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது.

இப்போது என்னிடம் இருப்பது 1958 மைனர் 1000. பம்பு, தண்ணீர் சூடானதும் திறந்து வழிவிடும் தெர்மோஸ்டாட், ஸ்பிரிங் வைத்த மூடி எல்லாம் உண்டு. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி. அதனால் தண்ணீர் 110 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். ஆறுவதற்குள் அதைத் திறந்தால் முகம் வெந்துவிடும். உள்ளே சுமார் ஐந்தரை லிட்டர் பிடிக்கும். மழைத் தண்ணீரோடு, குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றும் நீலக் கூலன்ட் மூன்றில் ஒரு பங்கு கலக்கிறேன். ரங்கூனில் எங்கே உறையப் போகிறது என்று கேட்பார்கள். துருவுக்காகத்தான். கூலன்ட் தித்திக்கும், விஷம், தெரு நாய் நக்கினால் பிழைக்காது. சிந்தினால் உடனே கழுவிவிடுவேன். நிரப்பியதும் மூடியைப் போடாமல் இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சுடும்வரை காத்திருப்பேன். அடைபட்ட காற்று வெளியேறி மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது மறுபடி ஊற்ற வேண்டும். 1970 டிசம்பரில் நாடு வலப்பக்கம் ஓட்ட மாறியும் ஸ்டியரிங் வலப்பக்கமே இருக்கும் வண்டி இது. முந்துவதற்குப் பக்கத்து சீட்டில் ஆள் வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தச் சித்திரை முதல் நாள் தண்ணீர் பார்க்கும் முறை என்னுடையது. புதுச் சட்டையில் கறை படுமே என்று மூடியைத் தொடவே இல்லை. சார் கேட்டபோது "பார்த்தாச்சு சார்" என்றேன். பெகு போய்ச் சேர்ந்ததும் அவர் திட்டியது என்னை அல்ல. மூடியைச் சரியாக முடுக்கவில்லை என்று, பின் சீட்டில் நடுவில் இருந்தவனைத் திட்டினார். முந்தின நாள் முறை அவனுடையது. அக்கா வீட்டுப் பாயசத்தைக்கூட அவன் தொடவில்லை. அடுத்த வருடமே சாரும் அவனும் வெவ்வேறு கப்பலில் போய்விட்டார்கள்.

சாருக்கு இனிச் சொல்ல வழியில்லை. நடு சீட்டுக்காரா, இந்த மலர் உன் கைக்கு வந்திருந்தால், அந்த மூடியை நீ சரியாகத்தான் முடுக்கியிருந்தாய்.