முதலில் அட்ரினலின்

புளி உலுக்கும் மாசி, பங்குனி மாதங்களில் கதண்டு என்கிற பெரிய குளவி, தேனீ கொட்டியவர்கள் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துகொண்டே இருப்பார்கள். பென்னாகரம் பக்கம் புளியமரம் இல்லாத ஊர் குறைவு. வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு வீக்கமும் கடுப்பும்தான் இருக்கும். கொட்டிய இடத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வருவார்கள். மாத்திரை கொடுத்து, கொஞ்ச நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவோம். ஆனால் எப்போதாவது ஒரு குழந்தை வேறு மாதிரி வரும். கொட்டின் விஷத்துக்கு உடம்பு முழுக்க மிகையாக எதிர்த்து, உயிருக்கே ஆபத்தாகும் கடும் அலர்ஜி அது; அனாஃபிலாக்சிஸ் என்போம். அதை முதல் பார்வையிலேயே பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். செவிலியராக இத்தனை வருஷத்தில் நான் மிகவும் அக்கறையோடு கற்றுக்கொண்ட விஷயம் இது.

அன்று வந்தவன் ஏழு வயதுப் பையன். அப்பா புளியமரம் குத்தகைக்கு எடுப்பவர். அவர் மேலே உலுக்கும்போது கதண்டுக் கூடு கலைந்து, கீழே பொறுக்கிக்கொண்டிருந்த பையனுக்குக் கழுத்தில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. இரண்டே கொட்டுதான். எக்ஸெல் வண்டியில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அவனுடைய ஆயாதான் முக்கியமானதைச் சொன்னார். “கொட்டினப்ப ஊரே கூடுற மாதிரி கத்துனான் நர்ஸம்மா. இப்ப சத்தமே வரல.”

பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். பெயர் சொன்னான், ஆனால் குரல் கட்டிப்போய்க் கரகரத்தது. நடுநடுவே வறட்டு இருமல். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான், வயிறு வலிக்கிறது என்றான். உள்ளங்கை சில்லென்று வியர்த்திருந்தது, நாடி வேகமாகவும் மெலிசாகவும் ஓடியது. புத்தகத்தில் தோல் சிவந்திருக்கும் என்று போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகளின் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று கண்ணில் படாது. சட்டையைத் தூக்கி முதுகைத் தடவிப் பார்த்தால்தான் தடிப்பு தடிப்பாகக் கையில் தட்டும். இவனுக்கு முதுகு முழுக்க இருந்தது. சிலருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாமல் மூச்சும் ரத்த அழுத்தமும் மட்டும் இறங்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

டாக்டர் மேடம் பிரசவ அறையில் இருந்தார். வாசலில் நின்று நான்கு வரியில் சொன்னேன். “அட்ரினலின் பாயிண்ட் டூ, தொடையில போடுங்க சிஸ்டர், வந்துடறேன்” என்றார்.

அட்ரினலின் ஆம்பூல் சின்னது. 1 மில்லி மருந்தில் 1 மில்லிகிராம் இருக்கும். குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம், இவன் இருபது கிலோ இருப்பான், ஆக 0.2 மில்லி. இந்த அளவை 1 மில்லி சிரிஞ்சில் எடுத்தால்தான் கோடு தெளிவாகத் தெரியும், பெரிய சிரிஞ்சில் கண் ஏமாற்றிவிடும். ஆம்பூலின் கழுத்தை உடைத்து, மருந்தை இழுத்து, காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றி, தொடையின் வெளிப்பக்கம் நடுவில், செங்குத்தாகத் தசைக்குள் போட்டேன்.

கையில் போடாமல் ஏன் தொடையில் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். 1998இல் கனடாவில் குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வில், தொடைத் தசையில் போட்டபோது மருந்து ரத்தத்தில் உச்ச அளவை எட்ட 8 நிமிடம்தான் ஆனது. கையில் தோலுக்கடியில் போட்டபோது சராசரியாக 34 நிமிடம். தொண்டை அடைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த அரை மணி நேரம் கிடையாது.

இதற்குள் அப்பா பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளப் போனார். எந்த அப்பாவும் அதைத்தான் செய்வார். “அண்ணா, தூக்காதீங்க, படுத்தே இருக்கட்டும்” என்று தடுத்தேன். ரத்தக் குழாய்கள் விரிந்து கசியும் நேரத்தில் குழந்தையை நிமிர்த்தினால் ரத்தம் காலில் தங்கிவிடும், இதயத்துக்குத் திரும்பாது. எழுப்பி நிறுத்திய மாத்திரத்தில் உயிர் போனதும் உண்டு. மூச்சிரைப்பு இருந்ததால் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி, காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்தோம். ஆக்சிஜன் மாட்டி, ஊசிக்குழாய் போட்டு, சலைனை வேகமாக விட்டோம்.

ஐந்து நிமிடம் கழித்தும் நெஞ்சில் விசில் சத்தம் குறையவில்லை. மேடம் வந்து கேட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த தொடையில் இன்னொரு 0.2 போடச் சொன்னார். அதற்கப்புறம் கொஞ்ச நேரத்தில் பையன் ஓவென்று அழ ஆரம்பித்தான். முழுக் குரலில், ஊசி போட்ட என்னைத் திட்டிக்கொண்டே அழுதான். அவ்வளவு சந்தோஷமான அழுகையைப் பிரசவ அறைக்கு வெளியே நான் கேட்டதில்லை.

இந்த வேலையில் இருப்பவர்களிடம் நான் ஓயாமல் பேசுவது ஒன்றைப் பற்றித்தான். அலர்ஜி என்றதும் கை அவில் என்ற அலர்ஜி ஊசிக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசிக்கும் போகிறது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அரிப்புக்கும் தடிப்புக்கும் அவில் நல்லது. ஆனால் அடைக்கும் தொண்டையை அது திறக்காது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. ஹைட்ரோகார்ட்டிசோன் வேலை செய்யவே மணிக்கணக்கில் ஆகும். விரிந்த குழாய்களைச் சுருக்கி, சுருங்கிய மூச்சுக்குழலை விரித்து, இதயத்துக்கும் வலுக் கொடுப்பது அட்ரினலின் ஒன்றுதான்.

அப்படியிருந்தும் ஏன் தயங்குகிறோம்? இதயம் நின்றவர்களுக்குப் போட்டுத்தான் பலரும் அந்த மருந்தை முதலில் பழகுகிறோம். உயிர் போகும்போது எடுக்கிற மருந்து என்று மனதில் பதிந்துவிடுகிறது. பேசிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அதைப் போடக் கை நடுங்குகிறது. ரத்தக் குழாயில் தவறான அளவில் ஏற்றினால் ஆபத்துதான். தசையில், எடைக்கேற்ற அளவில் போட்டால் கொஞ்ச நேரம் படபடப்பு, கைநடுக்கம், முகம் வெளிறுவது, அவ்வளவே. போடாமல் காத்திருப்பதில்தான் உண்மையான ஆபத்து. தடுப்பூசி முகாமுக்குப் போகும் கிராம சுகாதார செவிலியரின் பையிலேயே இந்த மருந்து இருக்கிறது. டாக்டர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் முதல் டோஸைப் போட அவருக்கு அனுமதியும் உண்டு. அந்த நம்பிக்கை நம் எல்லோருக்கும் வேண்டும். வயதுக்கும் எடைக்கும் எத்தனை மில்லி என்று பெரிய எழுத்தில் எழுதி அவசர டிரேயின் மூடியில் ஒட்டிவைப்பது பெரிய உதவி. பதற்றத்தில் யாருக்கும் கணக்கு ஓடாது.

பையன் தெளிந்ததும் வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார்கள். “நல்லாயிட்டானே, எதுக்கு தருமபுரிக்கு?” என்றார் அப்பா. மருந்தின் வேகம் தணிந்தபின், சில மணி நேரம் கழித்தும்கூட இது திரும்ப வரலாம் என்று ஆயாவிடம்தான் பொறுமையாக விளக்கினேன். அவர் ஒரு அதட்டல் போட்டார், 108 வண்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் மூவரும் வந்தார்கள். போன வருஷமும் ஒருமுறை கொட்டி, உடம்பெல்லாம் தடித்து, காணாக்கடி (கண்ணில் படாத ஏதோ பூச்சி கடித்தது) என்று வேப்பிலை அடித்து விட்டதாக அப்போதுதான் ஆயா சொன்னார். வெளிநாட்டில் மாதிரி தானே குத்திக்கொள்ளும் பேனா ஊசி இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் வேறு ஏற்பாடுதான் செய்ய முடிந்தது. கதண்டு கொட்டினால் இவன் உயிருக்கு ஆபத்து, உடனே அட்ரினலின் தேவை என்று மேடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஒரு நகல் பள்ளி தலைமை ஆசிரியருக்கு. கொட்டினால் சுண்ணாம்பு தேடாமல், தடிப்பு வரட்டும் என்று பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும். 108ஐக் கூப்பிட்டால் கதண்டு என்று ஆரம்பிக்காமல் “மூச்சு முட்டுது” என்று முதலில் சொல்ல வேண்டும்.

“இனிமே மரத்துப் பக்கமே விடக்கூடாதாம்மா?” என்று கேட்டார் அப்பா. புளிதான் அவர்களுக்குச் சோறு. உலுக்குகிற நாளில் மட்டும் பையன் ஆயாவோடு வீட்டில் இருக்கட்டும், ஏறுவதற்கு முன் மரத்தில் கூடு இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள், இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனவரிடமிருந்து ஆயா அதை வாங்கித் தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.