ஆச்சி வேசம்

ஃபோரம் தியேட்டர்ல, காட்சி ஓடும்போது பாக்குறவங்க யாரு வேணா "நிறுத்து"ன்னு கத்திட்டு உள்ள வந்து நடிக்கலாம். ஆனா அடிபடுற ஆளோட இடத்துலதான் நிக்கணும். அடிக்கிறவர் இடத்துல நின்னு அவரைத் திடீர்னு நல்லவராக்கிட்டா அது மந்திரம், நாடகம் இல்லன்னு, இந்த முறைய உருவாக்குன பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் சொல்லுவாரு. அந்த விதி பாக்க வர்றவங்களுக்குத்தான், நடிக்கிறவங்களுக்கு இல்லன்னு நான் அன்னைக்கு எனக்கே சொல்லிக்கிட்டேன்.

அன்னைக்கு நாங்க போட்ட காட்சி, வீட்டு வேலை பாக்குற ஒரு அக்காவோட சொந்தக் கதை. வேலை பாக்குற வீட்டுல வெள்ளிக் கிண்ணம் காணோம்னு பழி வந்து மாசச் சம்பளத்த நிறுத்திட்டாங்க, அப்புறம் கிண்ணம் அந்த வீட்டுப் பெட்டகத்துலயே கெடச்சிருச்சு, சம்பளம் மட்டும் வரல. (எல்லா வீடும் இப்படின்னு சொல்லல.) உங்க கதைய நீங்களே நடிச்சாத்தானேக்கா நல்லாருக்கும்னேன். "அதத்தேன் தம்பி தெனமும் பண்றேன், ஒரு நா ஆச்சியா இருந்துட்டுப் போறேனே"ன்னாங்க. ஆச்சின்னா அந்த வீட்டு முதலாளியம்மா. சரின்னுட்டேன்.

சாவிக்கொத்துக்குப் பதிலா இடுப்புல கரண்டியச் செருகிக்கிட்டு சாமான் கணக்கு எடுத்தாங்க பாருங்க, "டபரா ஏழு குடுத்தேன், ஆறுதான இருக்கு, ஒன்னுக்குக் காலு மொளச்சு நடந்து போச்சா?" திருவிழாவுக்குத் திருவிழா விடிய விடிய வள்ளி திருமணம் பாத்து வளந்த ஊரு, பபூன் வந்தா எப்படி சிரிக்குமோ அப்படி சிரிச்சுது. பெரிய வீட்டுப் பொம்பளைங்க நாலஞ்சு பேர் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க, அவங்களும் சிரிச்சாங்க, ஒருத்தங்க எங்க மாமியார் அப்படியேன்னாங்க. வேலைக்காரியா நடிச்ச பொண்ணு ஓரமா அழுதுக்கிட்டு நின்னுச்சு, அத யாரும் பாக்கல. "நிறுத்து"ன்னு ஒரு குரல் வரல. கடைசியில நான் மைக்க வாங்கி, இந்தப் பொண்ணு வேற என்ன பண்ணிருக்கலாம்னு கேட்டேன், ஆச்சிய இன்னொரு தடவ நடிக்கச் சொல்லுங்கன்னு பின்னாடியிருந்து சத்தம்.

சம்பளத்துக்காகத்தான் அந்தக் காட்சியே போட்டோம், அது பேச்சுலயே வரல. கோபமா இருந்துச்சு, யாரு மேலன்னு தெரியல. ஆனா அந்த அக்கா அவங்களாவே நின்னு, அந்த நாற்காலிங்களுக்கு முன்னாடி கிண்ணத்தப் பத்தி வாயத் தொறந்திருந்தா மறுநாள் எந்த வீட்டுக் கொல்லக் கதவு தொறந்திருக்கும்? 1971ல போவால பிரேசில் ராணுவ அரசாங்கம் புடிச்சு சித்திரவதை பண்ணுச்சு, வெளிய வந்தவரு நாட்ட விட்டுப் போனாரு, பெருவுல இருக்கும்போதுதான் இந்த முறையே உருவாச்சு. இந்த அக்கா எந்த நாட்டுக்குப் போவாங்க? நான் ராத்திரியே காரைக்குடில பஸ் ஏறிடுவேன். இப்படிச் சொல்லும்போது நியாயமாத்தான் படுது, ஆனா அப்போ எதுக்கு நாடகம், காமெடி ஷோவே நடத்திட்டுப் போயிருக்கலாமேன்னும் தோணுது. அவங்க கேலி பண்ணதே ஒரு பேச்சுதான்னு வாதாடலாம். ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதினேன்.

சாமானெல்லாம் கட்டும்போது, சம்பளத்தையும் ரெண்டு வார்த்தை சேத்திருக்கலாமேக்கான்னு கேட்டேன். "நாந்தேனே தம்பி ஆச்சி, நான் எங்கிட்டு இருந்து குடுப்பேன்?"னு சிரிச்சாங்க. அது ஜோக்கா, எனக்குப் பதிலான்னு இன்னும் புரியல.

அடுத்தது ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறைல வேலை பாக்குறவங்களோட. முதலாளி வேசத்துக்கு இப்பவே போட்டியாம். இந்தத் தடவ விதிய முதல்லயே சொல்லிருங்கன்னு கூட வேலை பாக்குறவர் சொல்றாரு, நான் இன்னும் சரின்னு சொல்லல.